பூட்டிய இடைவெளிகள்

“சார், ஒருத்தனுக்குச் செஞ்சு குடுத்த முன்பல் ரெண்டையும் சட்டப்படி திருப்பி வாங்க வழி இருக்கா?”

வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே அந்தப் பெண் கேட்ட கேள்வி அது. சின்னவள் கையிலிருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அத்தான் செய்தித்தாளை நிதானமாக நான்காக மடித்தார்.

“முதல்ல உட்காருங்க. பல் எங்கேயும் ஓடிடாது.”

அத்தானைத் தெருவில் எல்லோரும் ‘அளவுகோல்’ என்றுதான் சொல்வார்கள். சந்தேகத்துக்குரிய பத்திரங்களை நீதிமன்றத்துக்காக ஆராய்ந்து சொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலை போன பிறகும் சட்டைப்பையிலிருந்து அந்தச் சிறிய எஃகு அளவுகோல் போகவில்லை. சின்னவள் அவர் மனைவியின் தங்கை. பகலில் பாட்டுப் புத்தகங்கள் போடும் அச்சகத்தில் வேலை, மாலையில், பாட்டின் சுரங்களைப் புள்ளிகளாகவும் அவற்றின் கீழே சொற்களையும் அச்சிடும் சுரத்தாள் மென்பொருளுக்கான வகுப்பு. எதைக் கற்றாலும் அன்றே எழுதிவைப்பாள், எழுதியது சரியா என்று மறுநாள் முழுக்கக் கவலைப்படுவாள்.

வந்தவள் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுப்பவள். அந்த வட்டாரத்தில் பல்செட் அக்கா என்றால் தெரியும். பாதி ஊர் அவள் செய்த பல்லால்தான் சிரிக்கிறது. அவள் மட்டும் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“என் தம்பி போய் வருஷம் திரும்பப்போகுது சார். நெஞ்சுல நோவு. பாட்டுக் குழுவுக்குச் சுரத்தாள் அடிச்சுக் குடுக்கறதுதான் அவன் வேலை. அந்தக் குழுவை நடத்தற மாஸ்டர் இருக்கானே, கூடப் பொறந்தவன் மாதிரி வீட்டுக்கு வந்து போனவன். தம்பியை எடுத்துட்டுப் போன கையோட, ‘அவன் பாட்டெல்லாம் பத்திரமா எடுத்து வைக்கறேன்க்கா’ன்னு கணினியைத் தூக்கிட்டுப் போனான். திரும்பி வந்தப்போ அது வெறும் டப்பா.”

“உள்ளே என்ன இருந்தது?”

“தம்பி போட்ட பாட்டு ஒண்ணு. நான் பாத்திரம் கழுவறப்போ பின்னாடி நின்னு பாடிப் பாடிச் சேர்த்தது. போன மாசம் கச்சேரிக்குப் போனா, அதே மெட்டு! ‘வெண்ணிலவே நீ வா’ன்னு வேற சொல்லை மாட்டி, இசை மாஸ்டர்னு அறிவிக்கிறாங்க. அடுத்த வாரம் புது அரங்கத்தோட திறப்பு விழாவுல மறுபடி பாடி, ஒலிப்பதிவு பண்ணி ஊர் உலகத்துக்கே விடப்போறானாம்.”

“அப்போ அந்த ஒலிப்பதிவுக்கு முந்தி நிரூபிக்கணும்.”

“நிரூபிச்சா மட்டும் பத்தாது. அவன் அவமானப்படணும். நான் முன்வரிசையில உட்கார்ந்து அதைப் பார்க்கணும். என் தம்பி கடைசிப் பத்து நாளு யார்கிட்டயும் பேசாம சுவரைப் பார்த்துட்டுப் படுத்திருந்தான் சார். ஏன்னு எனக்கு அன்னிக்குத் தெரியலை.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. சின்னவளின் அக்கா காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

அத்தான் கேட்டார்: “பாட்டோட சுரத்தாளைப் பார்த்திருக்கீங்களா?”

“பாடறவங்களுக்கு மட்டும் குடுத்துத் திருப்பி வாங்கிக்கிறாங்க. கையில குடுத்தாலும் எனக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரிதான்.”

“நல்லது. உங்க தம்பி பாடின சொல்லு ஞாபகம் இருக்கா? இருக்கட்டும், எனக்குச் சொல்லாதீங்க. பக்கத்து அறைக்குப் போய், கதவைச் சாத்திட்டு, இவ போன்ல பாடிப் பதிவு பண்ணுங்க. நானும் கேட்கமாட்டேன், இவளும் கேட்கமாட்டா.”

பல்செட் அக்கா போய்ப் பாடிவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. “முன்பல் விஷயம்?” என்றாள் விடாமல்.

“நான் அளந்து குடுப்பேன். அதை வெச்சு யாரைக் கடிக்கறதுங்கறது உங்க பாடு.”

மறுநாள் மாலை அத்தானும் சின்னவளும் பாட்டுக் குழுவின் பயிற்சிக் கூடத்துக்குப் போனார்கள். மாடியில் ஒரு நீண்ட அறை. மடக்கு நாற்காலிகள், ஒரு பியானோ, மூலையில் தூசிக்கு உறை போட்ட கணினி, அதன் பக்கத்தில் அச்சுப்பொறி. மாஸ்டர் இரண்டு கைகளையும் விரித்து வரவேற்றார். மற்றப் பற்களைவிட முன்பற்கள் இரண்டும் ஒரு மாற்று அதிக வெள்ளையாக மின்னின. சின்னவளுக்கு அங்கிருந்து கண்ணை எடுக்கவே முடியவில்லை.

“பாவம் அந்த அக்கா. தம்பி போன துக்கம், கேட்கற பாட்டெல்லாம் தம்பி பாட்டாத் தெரியுது. நான் கோபிச்சுக்கலை” என்றார் மாஸ்டர். “நடந்தது இதுதான். நம்ம கவிஞர் பாட்டை எழுதிக் குடுத்தார். அந்தச் சொல்லைப் படிக்கப் படிக்க எனக்கு மெட்டு வந்தது. நான் வரி வரியாப் பாடினேன், அந்தத் தம்பி பக்கத்துல உட்கார்ந்து அடிச்சான். அவன் கையாலேயே அச்சடிச்சுக் குடுத்துட்டுத்தான் போய்ச் சேர்ந்தான்.”

“அதுக்கப்புறம் நீங்க ஏதாவது மாத்தினீங்களா?”

“நானா? அந்தக் கணினியில எந்தப் பொத்தானை அமுக்கணும்னே எனக்குத் தெரியாது சார். வேணும்னா பியானோக்காரம்மா ஒரு பிரதி எடுத்துக் குடுப்பாங்க. அதோட சரி.”

ஒரு பிரதியை அவரே பெருமையாக எடுத்துக் கொடுத்தார். அத்தான், தம்பி முன்பு தயாரித்த வேறு பாட்டு ஒன்றின் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கவிஞர் ஜன்னலோரம் தனியாக நின்று தலையைச் சீவிக்கொண்டிருந்தார். அத்தான் அவரிடம், “நிலா பாட்டு அருமை. சொல்லு முதல்ல வந்ததா, மெட்டு முதல்ல வந்ததா?” என்று பேச்சுவாக்கில் விட்டார்.

“மெட்டுதான். மாஸ்டர் போன்ல லாலா போட்டுப் பாடிக் காட்டினார். நான் ஒரே மூச்சுல எழுதினேன். நிலா எனக்குக் கைவந்த கலை” என்றார் கவிஞர்.

‘இத்தனை பேர் கூப்பிட்டால் நிலாதான் எந்த வீட்டுக்குப் போகும்?’ என்று சின்னவள் மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். ஆனால் மாஸ்டர் சொன்னதும் இவர் சொன்னதும் இடிக்கிறதே என்று உடனே உறைத்தது. அத்தானைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பியானோக்காரி படிக்கட்டு வரை வழியனுப்ப வந்தாள். கூடத்தில் தம்பியின் பேரைச் சொல்லும்போது குரல் இறங்கியது அவளுக்கு மட்டும்தான்.

“அந்தப் பையன் மாதிரி யாரும் சுரத்தாள் போட முடியாதுங்க. தாளை முடிச்சதும் சொல்லோட ஒரு தடவை பாடிப் பார்ப்பான். கண்ணு தட்டாம ஓடுதான்னு பார்த்து, சுரப்புள்ளிகளுக்கு நடுவுல ஒவ்வொரு இடைவெளியையும் கையால இழுத்துச் சரிபண்ணுவான். திருப்தியானதும் அந்த இடைவெளியைக் கணினியில பூட்டிடுவான். அப்புறம் சொல்லை மாத்தினாக்கூட புள்ளி நகராது.”

“சொல்லு மாறினா என்ன பண்ணுவான்?” என்றார் அத்தான்.

“கவிஞர் எப்பவும் கடைசி நேரத்துல ஏதாவது மாத்துவாரே! பையன் அவரைத் திட்டிக்கிட்டே பூட்டைத் திறப்பான், மறுபடி சரிபண்ணுவான், மறுபடி பூட்டுவான். பார்த்துப் பார்த்துப் பண்ணுவான்.”

வீடு வந்ததும் அத்தான் இரண்டு தாள்களையும் மேசையில் விரித்தார். சின்னவள் நிலா பாட்டை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

“என்ன, தாளைத் தூக்கிப் பார்த்தா எடை குறையுமா?”

“இல்ல அத்தான். என் கண்ணுதான் சரியில்லையோ என்னவோ. விடுங்க.”

“கண்ணு சரியில்லாதவங்க எதைப் பார்த்தாங்கன்னு கேட்கறதுதான் என் பிழைப்பே. சொல்லு.”

“கடைசி வரியைப் பாருங்க. ‘வெண்ணிலவே நீ வா’. ‘வெண்’ணும் ‘ணி’யும் பஸ்ல உட்கார்ந்த மாதிரி இடிச்சுக்கிட்டு இருக்கு. அடுத்து ‘ல’. துளியூண்டு எழுத்து. அதுக்குப் பக்கத்துல ஒரு மைதானமே காலியாக் கிடக்கு. முதல் வரியிலயும் இப்படித்தான். இந்த இன்னொரு பாட்டுல அப்படி ஒரு இடம்கூட இல்லை. நான் ஏதோ தப்பாப் பார்க்கறேன்னு…”

அத்தான் அளவுகோலை எடுத்தார். இரண்டு தாள்களையும் வரி வரியாக அளந்தார். “வகுப்புல என்ன சொல்லிக் குடுத்தாங்க? இந்தப் புள்ளிகளுக்கு நடுவுல எவ்வளவு இடம்னு எது முடிவு பண்ணுது?”

சின்னவளுக்கு இது தெரியும். “வெறும் வாத்தியத்துக்கு எழுதினா, சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்குதுங்கறதுதான் கணக்கு. நீளமான சுரத்துக்கு அதிக இடம், குட்டிச் சுரத்துக்குக் கொஞ்ச இடம். வாய்ப்பாட்டுல அது மட்டும் இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே ஒரு துண்டுச் சொல் உட்காரணும். பெரிய துண்டா இருந்தா அது புள்ளியைத் தள்ளி இடம் பிடிச்சுக்கும்.”

“கடைசி வரிச் சுரங்கள்?”

“எல்லாம் ஒரே நீளம், அத்தான்.”

“அப்போ யார் இங்கே தள்ளினது?” என்றார் அத்தான், காலியாகக் கிடந்த மைதானத்தில் அளவுகோலின் முனையை வைத்து.

சின்னவளுக்குப் போனில் இருந்த பதிவை அப்போதே கேட்கவேண்டும் போலிருந்தது. அத்தான் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

திறப்பு விழாவுக்கு முந்தைய பயிற்சி நாளில் எல்லோரும் அந்த மாடியறையில் கூடினார்கள். பாடகர்கள் நாற்காலிகளில். கவிஞர் ஜன்னலோரம். பியானோக்காரி தன் இடத்தில். பல்செட் அக்கா கதவருகே நின்றாள், உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டு. மாஸ்டர் சிரித்தார்.

“சார், சீக்கிரம் முடிச்சிடுங்க. பயிற்சி இருக்கு.”

“முடிச்சிடலாம்” என்றார் அத்தான். “இந்தச் சுரத்தாள்ல சில புள்ளிகளுக்கு நடுவுல இடம் நெருக்கடியா இருக்கு, சில இடத்துல விசாலமா இருக்கு. மாஸ்டர் என்கிட்ட சொன்னது, சொல்லு முதல்ல வந்தது, அதோடவே தம்பி அடிச்சான்னு. அப்படின்னா ‘வெண்’ணுக்குப் பெரிய இடமும் ‘ல’வுக்குச் சின்ன இடமும் இருக்கணும். இங்கே தலைகீழா இருக்கு.”

மாஸ்டர் கையை விரித்தார். “நோயாளிப் பையன் சார். அவசரத்துல கோணல்மாணலா அடிச்சிருப்பான். இதெல்லாம் ஒரு ஆதாரமா?”

“இருங்க. கவிஞர் சொன்னது, மெட்டு முதல்ல, லாலா போட்டுப் பாடினதுன்னு.”

கவிஞர் சீப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாஸ்டர் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை.

“அதுவும் பொருந்தலை. லாலாவுக்கு அடிச்சா எல்லாத் துண்டும் ஒரே அளவு. இடைவெளியும் ஒரே அளவா இருக்கும். கோணல்மாணலா அடிச்சான்னா, அவன் போட்ட மத்தத் தாள்ல ஒரு கோணலாவது இருக்கணுமே? அளந்து பார்த்துட்டேன், இல்லை. அப்போ இந்த இடமெல்லாம் வேற ஏதோ சொல்லுக்காக விட்ட இடம். அந்தச் சொல்லு எதுன்னு இப்பப் பார்ப்போம். மாஸ்டர், உங்க கணினியில, உங்க கோப்புலயே. சரியா?”

மறுக்க வழியில்லை. பாடகர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பியானோக்காரி உறையை உருவிக் கணினியைத் திறந்தாள். சின்னவள் அதன் முன்னால் உட்கார்ந்தாள். தப்பான பொத்தானை அமுக்கிவிட்டால், உள்ளதும் போய்விட்டால் என்று பயந்தாள். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு இடைவெளிப் பூட்டு போட்டிருப்பதைத் திரையில் எல்லோருக்கும் காட்டினாள்.

“இந்த அக்கா தாளைப் பார்த்ததில்லை. சுரம் படிக்கத் தெரியாது. அவங்க எங்க வீட்டுக்கு வந்த அன்னிக்கே பாடிப் பதிவு பண்ணினது இது. நாங்களும் இப்பத்தான் கேட்கறோம்” என்று அத்தான் போனைத் தட்டினார்.

பயிற்சி இல்லாத ஒரு பெண் குரல் அறையில் எழுந்தது.

*ஊரார் சிரிக்க உழைத்தவளே…*

சின்னவள் நிலாச் சொற்களை அழித்துவிட்டு, கேட்கக் கேட்க ஒவ்வொரு துண்டாக அடித்தாள். ஊ. ரார். சி. ரிக். முதல் வரியில் காலியாகக் கிடந்த இடத்தில் ‘ரிக்’ போய் நிறைந்து உட்கார்ந்தது. வரிக்கு வரி அப்படியே. ஒரு புள்ளிகூட நகரவில்லை, நகரத் தேவையும் இல்லை. கடைசி வரி வந்தது.

*நீ சிரித்தால் போதும்.*

நெருக்கடியான இடத்தில் ‘நீ’யும் ‘சி’யும். மைதானத்தில் ‘ரித்’. அடுத்து ‘தால்’. திரையில் எங்கும் ஓர் இடிப்பில்லை, ஓர் ஓட்டையில்லை.

கதவருகிலிருந்து பல்செட் அக்கா மெல்ல முன்னால் வந்தாள். “இத்தனை நாளா வேற வாய்க்குச் செஞ்ச பல்செட்டை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கு என் தம்பி பாட்டு” என்றாள்.

பாடகர்களில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மாஸ்டரின் நெற்றி வேர்த்தது.

“சரி! அவன் மெட்டுதான். ஆனா நான் திருடலை. உன் பேர்ல போட்டா எவனும் பாடமாட்டான், முதல் தடவை என் பேர்ல போகட்டும், பிறகு மாத்திக்கலாம்னு சொன்னேன். அவனே ஒத்துக்கிட்டான். நிலாச் சொல்லை அவன் கையாலதான் அடிச்சுக் குடுத்தான். நான் ஒரு பொத்தானைக்கூடத் தொடலை!”

“தொடலைன்னு எனக்கும் தெரியும்” என்றார் அத்தான். குரல் ஏறவில்லை. “கவிஞர் ஒரு சொல்லை மாத்தினாலே பூட்டைத் திறந்து சரிபண்றவன் அந்தப் பையன். முழுப் பாட்டையும் மாத்தி அடிச்சப்போ மட்டும் ஏன் திறக்கலை? மறந்துட்டானா? திரையில ‘வெண்’ணும் ‘ணி’யும் இடிச்சுக்கிறது அவன் கண்ணுக்குத் தெரியாமப் போச்சா? ஒத்துக்கிட்டவனா இருந்தா பூட்டைத் திறந்திருப்பான், மாஸ்டர். உங்களுக்குத் தாள்ல எதைப் பார்க்கணும்னு தெரியாதுன்னு அவனுக்குத் தெரியும். உங்க கையாலேயே எல்லாருக்கும் பிரதி எடுத்துக் குடுக்கற மாதிரி, சாட்சியை அடிச்சு வெச்சுட்டுப் போயிருக்கான்.”

ஆகவே அந்தப் பத்து நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் தோற்றுப்போய்ப் படுத்திருக்கவில்லை. சின்னவள் திரும்பிப் பல்செட் அக்காவைப் பார்த்தாள். அவளுக்கும் அது எட்டிவிட்டது முகத்தில் தெரிந்தது.

மாஸ்டர் பல்செட் அக்காவின் பக்கம் திரும்பினார். “அக்கா… நாளைக்கு மேடையில நானே சொல்லிடறேன். அவன் பேரை நானே அறிவிக்கறேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கறேன். போதுமா?”

“வேண்டாம்.”

“என்னக்கா?”

“நீ வாயைத் திறக்கவே வேண்டாம். உனக்கு வாய் சாமர்த்தியம் ஜாஸ்தி. மன்னிப்பையும் அழகாக் கேட்டு, அதுக்கும் கைத்தட்டல் வாங்கிட்டுப் போயிடுவ. அறிவிப்பைப் பியானோக்காரம்மா படிக்கட்டும். இவங்க எல்லாரும் என் தம்பி சொல்லைப் பாடட்டும். நீ எல்லாருக்கும் முன்னாடி நின்னு கையை மட்டும் ஆட்டு. முதல் சுரத்துலருந்து கடைசிச் சுரம் வரைக்கும். வராம வீட்டுல படுத்துக்கிட்டா, இந்தத் தாளை உன் பாட்டைக் கேட்க வர்றவங்க ஒவ்வொருத்தர் வாசல்லயும் நானே கொண்டுபோய் ஒட்டுவேன்.”

மாஸ்டர் பாடகர்களைப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. பியானோக்காரி புதிய தாள்களை அச்சடிக்க ஆரம்பித்திருந்தாள்.

புது அரங்கத்தில் வார்னிஷ் வாசனை போகவில்லை. முன்வரிசையில் பல்செட் அக்கா, பக்கத்தில் சின்னவள், அவளை அடுத்து அத்தான். பாட்டுக்கு முன்னால் மாஸ்டர் நீளமாகப் பேசுவது வழக்கம், அதற்கென்றே வருகிறவர்கள் இருந்தார்கள். அன்று அவர் வந்து, குனிந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அரங்கம் சலசலத்தது. பியானோக்காரி ஒலிபெருக்கியில் பேசினாள். பாட்டும் இசையும் யாருடையவை என்று தம்பியின் முழுப்பெயரை இரண்டு தடவை வாசித்தாள். இத்தனை நாள் வேறு பெயரிலும் வேறு சொல்லிலும் பாடியது தவறு என்பதையும் ஒரே வரியில் வாசித்து முடித்தாள்.

மாஸ்டரின் கை உயர்ந்தது. உயர்த்தித்தான் ஆகவேண்டும். தன் கையாலேயே ஒவ்வொரு வரியையும் அவர் அழைத்து வந்தார், பாடகர்கள் ஒவ்வொரு வரியாக அவர் முகத்தைப் பார்த்துப் பாடினார்கள். அவர் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டிக்கொள்வதைச் சின்னவள் பார்த்தாள். பாவமாக இருக்கவேண்டுமோ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். இருக்கவில்லை. அதுவும் ஒரு கவலையாகி அவளுக்குள் போய் உட்கார்ந்தது.

கடைசிச் சுரத்தில் கூட்டத்தின் பக்கம் திரும்பி, கையை விரித்து, பளீரென்று சிரிப்பது அவருடைய நெடுநாள் பழக்கம். ‘போதும்’ என்று குரல்கள் நீண்டு ஒலிக்கையில் பழகிய உடம்பு தானாகத் திரும்பிவிட்டது. எதிரே முன்வரிசை. அங்கே பல்செட் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி பாட்டில் கேட்ட சிரிப்பு இதுவா என்று யாரும் சொல்லமுடியாது. பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள். கைத்தட்டல் கூரையைத் தொட்டது. மாஸ்டர் உதடுகளை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

வெளியே வரும்போது அத்தான் கேட்டார்: “அந்த முன்பல் ரெண்டுக்கும் நோட்டீஸ் விடணுமா?”

“அவன்கிட்டயே இருக்கட்டும் சார்” என்றாள் பல்செட் அக்கா, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. “இனிமே அவனுக்கு அதை வெளியில காட்டற வேலை இருக்காது.”